எல்லா ராஜாவுக்கும் ஒரே பேரு

கவின்: பெரியப்பா, படம் பாருங்க. பார்த்திய டிராக்மா, அதாவது பழைய ஈரான் பேரரசோட வெள்ளிக்காசுன்னு சொல்றாங்க. எந்த ராஜா? எழுத்துல "அர்சாகேஸ்"னு மட்டும்தான் வருது.

பெரியப்பா: பேரை நம்பாதே. வம்சத்தைத் தொடங்கினவன் அர்சாகேஸ். அப்புறம் வந்தவங்க பெரும்பாலும் காசுல அந்தப் பேரையேதான் போட்டாங்க. முகம், கிரீடம், பக்கத்துச் சின்னம், இதுதான் அடையாளம்.

கவின்: நெத்தியில மரு இருக்கு.

பெரியப்பா: அங்கேதான் பலரும் சறுக்குவாங்க. மரு ரெண்டாம் ஓரோதேஸுக்கும் உண்டு, மகன் நான்காம் பிராதேஸுக்கும் உண்டு. தலைக்குப் பின்னாடி என்ன?

கவின்: பறவை. வாயில வளையம்.

பெரியப்பா: கழுகு, மாலையோட. அப்போ பிராதேஸ்தான். கி.மு. 53-ல கார்ஹே போர்ல பார்த்தியர்கள் பறிச்ச ரோமக் கொடிகளைக் கி.மு. 20-ல ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்குத் திருப்பிக் கொடுத்தவன். தலைக்கு ரெண்டு பக்கமும் சிறகு வச்ச நைக்கி, கிரேக்க வெற்றி தேவதை, பறந்தா அவன் மகன் பிராதகேஸ்.

நித்யா: பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது யாரு?

பெரியப்பா: வில்லாளி. சுத்திச் சதுரமா கிரேக்க எழுத்து. மேல் வரி "ராஜாதிராஜன்", வலது வரியில "அர்சாகேஸ்". வில்லுக்குக் கீழே கூட்டெழுத்து இருக்கும், அது அக்கசாலைக் குறி, காசு அடிச்ச ஊரைக் காட்டும். எக்படானாவோடதுதான் அதிகம் கிடைக்கும், இன்னைக்கு ஈரான்ல இருக்கிற ஹமதான். போகப்போக அச்சு வெட்டினவனுக்கே கிரேக்கம் தெரியல, வெறும் கோடா ஆயிடுச்சு. எழுத்துப் பிழை இருக்குன்னு போலின்னு முடிவு கட்டாதே.

கவின்: வருஷம் எங்கே?

சித்தி: டிராக்மாவுல பெரும்பாலும் இருக்காது. டைக்ரிஸ் ஆத்தங்கரை செலூசியாவில அடிச்ச டெட்ராடிராக்மாவில, அதாவது நாலு டிராக்மா காசுல தேடணும், அதுவும் எல்லாத்துலயும் இல்ல. கிரேக்க எழுத்தே எண்: காமா 3, ஓமிக்ரான் 70, ரோ 100, ஆக 173. இது செலூசிய சகாப்தத்து ஆண்டு; அந்த ஆண்டுக்கணக்கு கி.மு. 312 இலையுதிர்காலத்துல தொடங்குது. 313-ல இருந்து 173-ஐக் கழிச்சா 140, அந்த வருஷம் கி.மு. 140/139. பார்த்திய ராஜா முதலாம் மித்ரிததேஸ் காசு. இலையுதிர்காலத்துல தொடங்குறதால ரெண்டு ஆண்டுல பரவும், ஒரே ஆண்டுன்னு எழுதிடாதே.

கவின்: போலியான்னு எப்படிப் பார்க்கிறது? எடை 3.80.

சித்தி: எடை சரி, 4 கிராமுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். விளிம்பைச் சுத்திப் பொருத்துக்கோடோ மேலே குமிழ்க்குழியோ இருந்தா வார்ப்பு. அசல் எல்லாம் அடிச்சது. அப்புறம் தராசுல தண்ணிக் கிளாஸை வச்சு சைபர் ஆக்கு. காசை நூல்ல கட்டி முழுக்க முக்கு, அடியைத் தொடக்கூடாது. உன் 3.80 கிராம் காசுக்கு 0.37 கிராம் பக்கம் காட்டினா வெள்ளி. 0.42 காட்டினா உள்ளே செம்பு. குமிழி ஒட்டியிருந்தா கணக்கு கெடும், லேசாத் தட்டிவிடு. 0.01 கிராம் தராசு வேணும், காய்கறித் தராசு ஆகாது.

நித்யா: டெட்ராடிராக்மாவுக்கும் இதேவா?

சித்தி: பிந்தியதுக்கு உதவாது. அசல்லயே செம்பு நிறைய.

அம்மா: புளி போட்டுத் தேய்ச்சா முகம் இன்னும் நல்லாத் தெரியுமே?

பெரியப்பா: வேண்டவே வேண்டாம்! மண்ணுக்குள்ள இருந்த வெள்ளி நொறுங்கும். புளி செம்பைத் தின்னும், தேய்ச்சா மருவும் போயிடும்.