காலே டெஸ்ட்: போயா நாள் சாயங்காலத்துக்கு ஓர் இடம் வேண்டும்

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் இந்தியா ஆடும் டெஸ்ட்டைப் பார்க்க இலங்கையில் காலேக்குப் போகிறோம். சங்கர்நகரில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்களைச் சேர்ந்து பார்க்கும் நண்பர்கள், கூடவே என் சித்தப்பா. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம், காலே பக்கத்தில் உனவட்டுனவில் அறை, ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சு. லீவு குறைவு, அதனால் இரண்டாம், மூன்றாம் நாள் ஆட்டம் மட்டும்தான்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. அங்கே அது போயா விடுமுறை, மது விற்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கடற்கரை பப்பில் இலங்கை ரசிகர்களோடு உட்கார்ந்து ஆட்டத்தை அலசிப் பேச வேண்டும் என்பது நண்பர்களின் பெரிய ஆசை. முந்தின நாள் ராத்திரி அதற்கு வழி உண்டு. மறுநாள்தான் சிக்கல். சித்தப்பா சுத்த சைவம் வேறு.

தங்கும் விடுதியில் கேட்டேன், அன்று பார் கிடையாது என்றார்கள். ஜங்ஷன் பக்கத்து டிராவல்ஸில் கண்டி, நுவரெலியா பேக்கேஜ்தான் நீட்டுகிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கிற சொந்தக்காரர் கொழும்புக்கே வரச் சொல்கிறார். ரயிலில் இரண்டரை மணி நேரம் ஆகும், ஆட்டம் முடிந்து கிளம்பினால் கட்டுப்படியாகாது. காலே கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் காலையிலேயே பார்த்துவிடுவோம். மதில்மேல் நின்றால் மைதானமே தெரியுமாமே, அதை விடமாட்டோம்.

போயா அன்று சாயங்காலம், காலே–உனவட்டுன பக்கம், ரசிகர்கள் கூடிப் பேசவும் சைவச் சாப்பாடு கிடைக்கவும் எந்த இடம் தோதாக இருக்கும்?