சவுல் எத்தனை முறை ராஜாவானான்?

கேள்வி: யோர்தான்கரை

பைபிளில் 1 சாமுவேல் 8 முதல் 17ஆம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. கழுதைகளைத் தேடிப்போன சவுலைத் தீர்க்கதரிசி சாமுவேல் தனிமையில் அபிஷேகம் செய்கிறான். அடுத்து மிஸ்பாவில் சீட்டு அவன் பேருக்கு விழுகிறது. அவனோ தளவாடங்களுக்குள் ஒளிந்துகொள்கிறான். 11இல் அம்மோனியரை முறியடித்தபின் கில்காலில் மறுபடியும் ராஜாவாக்குகிறார்கள். 16இல் சுரமண்டலம் வாசித்துச் சவுலின் ஆயுததாரியாகவே ஆகிவிட்ட தாவீதை, 17இல் யாருடைய மகன் என்று அதே சவுல் விசாரிக்கிறான். இதையெல்லாம் எப்படி ஒரே கதையாக வாசிப்பது?

பதில்: பழைய ஏடு

ஒரே கதையாக்க வேண்டாம் சகோதரி. வெவ்வேறு இடங்களில் வழங்கிய நினைவுகளைத் தொகுத்தவர்கள் எதையும் வீசியெறிய மனம் வராமல் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம். 11ஆம் அதிகாரத்தை மட்டும் தனியாக எடுத்து வாசித்துப் பாருங்கள். அம்மோனிய ராஜா நாகாஸ் கீலேயாத்திலுள்ள யாபேஸ் ஊரை முற்றுகையிட்டு, எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்று மிரட்டுகிறான். உதவி கேட்டு யாபேசின் தூதர்கள் சவுலின் ஊரான கிபியாவுக்கு வருகிறார்கள். ஊரே அழுகிறது. ராஜாவைக் கூப்பிடுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை! சவுல் மாடுகளின் பின்னால் வயலிலிருந்து வருகிறான், ஜனங்கள் ஏன் அழுகிறார்கள் என்று கேட்கிறான். முந்தைய அதிகாரத்தில் முடிசூட்டப்பட்டவனாகவா தெரிகிறான்?

யாபேசை விடாமல் பின்தொடருங்கள். நியாயாதிபதிகள் 21இல் அழியும் நிலையிலிருந்த பென்யமீன் கோத்திரத்துக்கு மனைவிகளாகக் கொடுக்க, மற்ற இஸ்ரவேலர் தாக்கி 400 கன்னிகைகளைக் கொண்டுபோன ஊர் அது. சவுல் பென்யமீனன். அந்த ஊர் நாகாசிடம் கேட்டு வாங்கிய தவணை ஏழு நாள். 1 சாமுவேல் 31இல் பெலிஸ்தரோடு நடந்த போரில் இறந்த சவுலின் உடல் பெத்சான் ஊரின் மதிலில் தொங்குகிறது. இரவெல்லாம் நடந்துபோய் அதை இறக்கி வந்தவர்கள் யாபேசின் மனிதர்களே. எலும்புகளை அடக்கம் செய்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். சவுலைத் தோற்றவனாக மட்டும் பார்க்கிற பிரசங்கங்கள் இந்த ஊரைக் கடந்துபோய்விடுகின்றன. எனக்கு அதில் தீராத வருத்தம்.

பதில்: கும்ரான் வாசகன்

16, 17 முரண்பாட்டுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தையும் பாருங்கள். 4ஆம் நூற்றாண்டு வத்திக்கான் பிரதியில் 17:12-31, 17:55-18:5 ஆகிய பகுதிகள் இல்லை. உங்களை உறுத்தும் அந்த விசாரிப்பே அதில் கிடையாது. மூலம் சுருக்கப்பட்டதா, எபிரெயம் பின்னர் விரிந்ததா என்பதில் அறிஞர்கள் இன்றும் இரு அணிதான். கோலியாத்தின் உயரமும் எபிரெயத்தில் 6 முழம் ஒரு சாண். வத்திக்கான் பிரதியிலும் சாக்கடல் அருகே கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த பழைய எபிரெயச் சுருளிலும் 4 முழம் ஒரு சாண். அந்தச் சுருளில் 11ஆம் அதிகாரத்துக்கு முன்பாக ஒரு பத்தியும் உண்டு: நாகாஸ் காத், ரூபன் மக்களின் வலது கண்களைப் பிடுங்கினான், தப்பிய 7,000 பேர் யாபேசில் அடைக்கலம் புகுந்தார்கள். அதை வாசித்தபின் நாகாசின் மிரட்டல் திடீரென்று வந்ததாகத் தோன்றாது.

பதில்: மேட்டுமண்

தொல்லியல் பக்கம் சுருக்கமாக: 1993இல் வட இஸ்ரேலின் தேல் தாணில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அராமேயக் கல்வெட்டில் ‘தாவீதின் வீடு’ என்று பெரும்பாலான அறிஞர்கள் வாசிக்கிறார்கள். சவுலின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இதுவரை இல்லை.

யோர்தான்கரை

இருவர் சொன்னதையும் வைத்து 11ஐ மறுபடி வாசித்தேன். வேறு கதையாகவே தெரிகிறது. தாவீது ராஜாவானபின் யாபேசை என்ன செய்தான்?

பழைய ஏடு

2 சாமுவேல் 2. எப்ரோனில் அபிஷேகமான கையோடு அவர்களுக்குத்தான் ஆள் அனுப்புகிறான். சவுலை அடக்கம் செய்த தயவைப் பாராட்டுகிறான். உங்கள் எஜமான் இறந்தான், யூதா என்னை ராஜாவாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறான். யாபேஸ் சொன்ன பதில் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த வசனத்திலேயே சவுலின் படைத்தலைவன் அப்னேர், சவுலின் மகன் இஸ்போசேத்தை மக்னாயீமுக்கு அழைத்துப்போய், கீலேயாத்தின்மேல் ராஜாவாக்குகிறான்.