துறுதுறுவென்ற இரண்டு வயதுப் பிள்ளையோடு பெரியவர் வீட்டுக்கும் வரலாற்று இடங்களுக்கும் போகலாமா?

லயத்துப் பெண் (சுங்கை சிப்புட், மலேசியா):

அனைவருக்கும் வணக்கம். ரப்பர்த் தோட்டத்து லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்ட பிறகு எழுந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்றில் குடியிருக்கிறேன். என் மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். கண் விழித்தது முதல் படுக்கும் வரை ஓரிடத்தில் கால் நிற்காத பிள்ளை.

போன மாத நீண்ட விடுமுறையில் ஒரு நாளை முழுதாக ஒதுக்கினோம். காலையில் என் மறைந்த தகப்பனாரின் நண்பர் வீடு, அடுத்துக் கோலகங்சாரில் பழைய ரப்பர் மரமும் உபுடியா பள்ளிவாசலும், மதியம் பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டை, மாலையில் அங்கேயே இன்னொரு குடும்ப நண்பர் வீடு என்பது திட்டம். முதல் வீட்டோடு எல்லாம் குலைந்தது. நான் பெரியப்பா என்றே அழைக்கும் அந்த நண்பருக்கு வயது 78. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கத்தில் சேரச் சொன்ன காலத்தில், தம் தகப்பனாரும் என் தாத்தாவும் ஒன்றாகச் சேர்ந்த கதையைத் தொடங்கி, பெட்டியிலிருந்து பழைய பங்குத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்த நொடியில் மகன் மேசைத்துணியைப் பிடித்து இழுத்தான். காப்பி கவிழ்ந்தது. தாளின் ஒரு மூலையில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. நான் துணி தேடி ஓடிய இடைவெளியில் பிள்ளை திறந்திருந்த கேட் வழியாகச் சாலைக்கே போய்விட்டான். கணவர் தூக்கி வந்தார். கதை அங்கேயே நின்றது. மற்ற இடங்களுக்குப் போகாமல் வீடு திரும்பினோம்.

மகனுக்கு ஐந்து வயது ஆகும்வரை இப்படிப்பட்ட பயணமே வேண்டாம் என்கிறார் கணவர். பெரியப்பாவின் வயதை நினைத்தால் எனக்கு மூன்று ஆண்டு காத்திருக்க மனம் வரவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம் (ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்):

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. பயணம் வேண்டும், பிள்ளை வேண்டாம். அந்தத் தாளுக்கு இன்னொரு படி கிடையாது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்ட காரணத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போகும்போது பால்மரம் சீவியவர்கள் வீடும் வேலையும் இழந்து நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டத்தை வாங்க வேண்டும் என்று இதே சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் சம்பந்தன் எடுத்த முயற்சி அது. அதை நேரில் கண்ட தலைமுறை குறைந்துகொண்டே போகிறது. அப்படி ஒருவர் வாய் திறந்து பேசும்போது, கேட்பவரின் காது முழுவதும் அவரிடம் இருக்க வேண்டும்.

பிள்ளையைப் பாட்டியிடமோ உறவினரிடமோ விட்டுவிட்டுச் செல்லுங்கள். நம் தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டுவிட்டுத்தான் நிரைக்கு (பால்மர வரிசைக்கு) போனார்கள். அதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை. வரலாற்று இடங்களுக்கும் இதுவே பொருந்தும். இரண்டு வயதுப் பிள்ளை ரப்பர் மரத்தையும் வேலிக் கம்பத்தையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

ஆயா மகள் (பாலர் பள்ளி ஆசிரியை, தைப்பிங்):

ஐயா, மரியாதையுடன் மறுக்கிறேன். என் தாயார் பதினெட்டு ஆண்டுகள் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். அங்கே நடந்ததை அவர் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். விடியுமுன் பெரட்டுக்கு (வேலையாட்களைக் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் தாய், இருட்டிலேயே தூங்கும் பிள்ளையைச் சுமந்து வந்து தொட்டிலில் போட்டுவிட்டுப் போவாள். வரிசையாகப் புடவைத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். பால் கட்டிய மார்போடு ஒரு தாய் இடைவேளையில் தீம்பாரிலிருந்து (பால்மரக் காட்டிலிருந்து) ஓடி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, ரவிக்கை நனைந்தபடியே திரும்ப ஓடியதை என் தாயார் இன்றும் சொல்லிக் கண் கலங்குவார். அந்தத் தாய்மார்களுக்கு வேறு வழி இல்லை. வழி இருக்கும் நாம் அதை முன்மாதிரியாகக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

குற்றம் பிள்ளையிடம் இல்லை, அந்த நாளின் திட்டத்தில் இருக்கிறது. இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்றும், தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைத் தொடர்ந்து கட்டி உட்கார வைக்கக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நம் நாட்டில் 2020 தொடங்கியதிலிருந்து காரில் குழந்தை இருக்கை கட்டாயம், அது நல்ல சட்டம். ஆனால் அந்த இருக்கையிலிருந்து இறங்கிய பிள்ளையை உடனே சோபாவில் அடக்கி உட்கார வைத்தால் அது எப்படித் தாங்கும்? சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா என்று ஒரே நாளில் இரண்டு வீடு, மூன்று இடம் என்றால் பெரியவர்களுக்கே அலுப்பு வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு அல்லது ஓர் இடம், அதுவும் காலையில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.

கிந்தா நடை (ஈப்போ):

ஆசிரியர் ஐயா சொன்ன அந்த வேலிக் கம்பத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகில் வேலிக்குள் நிற்கும் அந்த மரம், 1877இல் வந்த முதல் கன்றுகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. முந்திய ஆண்டில் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்கு ஏறத்தாழ 70,000 விதைகள் போய், அங்கே முளைத்தவற்றில் சில சிங்கப்பூர் வழியாக இங்கே வந்து, பேரா மாநிலத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக (ஆலோசக அதிகாரியாக) இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்குக் காரணமான மரம் என்று அதைச் சொன்னால் மிகையாகாது. என் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு வயதில் அங்கே அழைத்துச் சென்றேன். ஆண்டும் பெயரும் அவர்களுக்கு விளங்கவில்லைதான். பள்ளிவாசலுக்கு இத்தாலியிலிருந்து வந்த சலவைக் கற்களை இரண்டு யானைகள் சண்டையிட்டு மிதித்து உடைத்ததால் வேலை தாமதமாகி 1917இல்தான் முடிந்தது என்று சொன்னபோது, "யானை, யானை" என்று இருவரும் தரையைக் காலால் மிதித்தார்கள். அந்த வயதுக்கு அது போதும்.

ஆயா மகள் அவர்களோடும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. தொலைவு என்பதற்காகக் கெல்லி கோட்டையைத் தள்ளிவைக்காதீர்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை அது. கட்டியவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் ஆட்கள் இருந்தார்கள். கொள்ளைக் காய்ச்சலில் பலர் இறந்தபோது மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்க, துரையும் இசைந்தார். அந்தக் கோயில் இன்றும் அருகில் இருக்கிறது. அதன் மேலே தெய்வ உருவங்களுக்கு நடுவில் கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரர் நிற்பதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

ஆயா மகள்:

கிந்தா நடை அவர்களே, நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த மாளிகையின் படிகள் குறுகலானவை, மேல்தளம் திறந்த வெளி. ஓடும் பிள்ளையின் கையை ஒரு நொடி விட்டாலும் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கு உடல் நடுங்குகிறது. திறந்திருந்த கேட் வழியாகச் சாலைக்கு ஓடிய பிள்ளையைப் பற்றித்தானே இந்தச் சகோதரி எழுதியிருக்கிறார்? மேலும், ரப்பர் மரத்தடியில் விழுந்து கிடக்கும் கொட்டைகளைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும். பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. இதைச் சொல்லாமல் பிள்ளையை அங்கே போகச் சொல்லக் கூடாது.

கிந்தா நடை:

ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் சென்றபோது ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொண்டோம். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் மேல்தளம் ஆபத்து என்பதற்காகக் கோயிலும் புல்வெளியும் ஆபத்தாகிவிடாது.

பெரியவீட்டு அம்மா (சுங்கை சிப்புட்):

நான் விருந்தினரை வரவேற்கும் பக்கத்தில் இருப்பவள். எனக்கு 71 வயது, கணவருக்கு 76. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பழைய லயத்துக் குடும்பங்கள் எங்களைத் தேடி வரும்போது ஏற்படும் மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் முதல் கேள்வியே "பிள்ளை எங்கே?" என்பதுதான். ஆசிரியர் ஐயா எங்களைக் காப்பாற்ற நினைக்கிறார், அந்த அக்கறைக்கு நன்றி. ஆனால் பிள்ளை இல்லாத வீட்டில் எந்நேரமும் அமைதியாகத்தான் இருக்கிறது, அதற்கு விருந்தினர் தேவையில்லை.

வருகிறவர்களிடம் சிலவற்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே சொல்லுங்கள். உடையக்கூடியதை நாங்களே உயரத்தில் எடுத்து வைத்துவிடுவோம், கேட்டையும் பூட்டிவிடுவோம். மதியம் பன்னிரண்டுக்கு மேல் வராதீர்கள். கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சாப்பாட்டு நேரமும் ஊசி நேரமும் தவறக் கூடாது. பிள்ளை ஓடுகிறதென்று கையில் கைப்பேசியைக் கொடுத்து ஒரு மூலையில் உட்கார வைக்காதீர்கள், அப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளை எங்கள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் போய்விடுகிறது. எங்கள் எதிரில் அடிக்கவும் வேண்டாம். அந்தத் தாளில் பட்ட கறையைப் பற்றி உங்கள் பெரியப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பெரட்டுக்களம்:

அம்மா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் பெரியவர்கள் களைப்பைச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. என் தகப்பனார் தம் கடைசி ஆண்டுகளில் வந்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, அவர்கள் கார் திரும்பியதும் கட்டிலில் சாய்ந்துவிடுவார். மேலும், பிள்ளையோடு போனால் மகிழ்ச்சி கிடைக்கும், கதை கிடைக்காது. அவர் பேசியதை யாராவது எழுதியோ பதிவு செய்தோ வைத்தார்களா? என் தகப்பனார் 1948இல் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது இந்த ஊரில் இருந்தவர். சுங்கை சிப்புட் பக்கத்தில் மூன்று துரைமார்கள் சுடப்பட்ட ஜூன் 16 காலையில் தோட்டத்தில் என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்டதில்லை. அவர் போய்விட்டார். என் வற்புறுத்தல் அங்கிருந்து வருகிறது, பிள்ளைகளின்மேல் உள்ள வெறுப்பிலிருந்து அல்ல.

ஆயா மகள்:

ஐயா, இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். அப்படியானால் இரண்டு வருகையாகப் பிரிக்கலாமே? ஒன்று பிள்ளையோடு, பெரியப்பாவும் பெரியம்மாவும் பேரனைப் பார்ப்பதற்காக. மற்றொன்று தாய் மட்டும், கைப்பேசியில் பதிவு செய்தபடி.

பெரட்டுக்களம்:

இரண்டாவதை முதலில் வையுங்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

லயத்துப் பெண்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன வரிசைப்படிச் செய்யவே நினைத்தேன். ஆனால் நான் போன் செய்தபோது பெரியப்பா, "பையனைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டார். முதல் நாளே சொல்லி, காலை ஒன்பது மணிக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது, மேசையில் துணி இல்லை. பெரியம்மா பின்கட்டிலிருந்து பழைய மங்கு (ரப்பர்ப் பால் சேரும் கோப்பை) ஐந்தாறு எடுத்து வந்து தரையில் வைத்தார். பால் காய்ந்து கருத்துப்போன விளிம்போடு இருந்த அந்தக் கோப்பைகளை மகன் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதும் தட்டிவிடுவதுமாக இருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, நான் கேட்காமலேயே, பன்னிரண்டு வயதில் தாமும் என் தகப்பனாரும் மங்கு துடைக்கப் போனதையும், ஒரு நாள் காண்டா வாளி (தோள் கம்பில் தொங்கவிட்டுச் சுமக்கும் பால் வாளி) சரிந்து பால் முழுவதும் தரையில் கொட்டிவிட, இருவரும் மாலைவரை லயத்துப் பக்கம் திரும்பாமல் ஒளிந்திருந்ததையும் சொன்னார். என் தகப்பனார் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பதிவு செய்திருக்கிறேன். நடுவில் மங்குகள் உருளும் சத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது.

நாற்பது நிமிடத்தில் மகன் சிணுங்கத் தொடங்கினான். கிளம்பிவிட்டோம். சங்கத்தின் கதைக்குப் பெரியப்பா வரவே இல்லை. பெரியம்மா என்னைத் தனியே அழைத்து, அவர் முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை என்றார். அதனால் ஆசிரியர் ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது.

மறுவாரம் கோலகங்சார் மரத்தை மட்டும் பார்த்தோம். பன்னிரண்டு நிமிடம். கையில் கொட்டை எதுவும் அகப்படாதபடி கணவர் தூக்கியே வைத்திருந்தார். கெல்லி கோட்டைக்கு இப்போதைக்குப் போகப் போவதில்லை.

கிந்தா நடை:

கோயிலுக்கு மட்டுமாவது ஒருமுறை போங்கள் என்று இன்னும் சொல்வேன்.

பெரட்டுக்களம்:

பதிவு செய்ததற்கு நன்றி, சகோதரி. அடுத்த முறை தனியே போகும்போது, பங்குத் தாளில் இருக்கும் பெயரையும் எண்ணையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தாளை இரண்டு பக்கமும் படம் எடுங்கள். கறை பட்ட மூலையில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பெரியப்பாவிடமே கேளுங்கள், அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

லயத்துப் பெண்:

வெள்ளிக்கிழமை மாலை போகிறேன், ஐயா. மகனைக் கணவர் திடலுக்கு அழைத்துச் செல்கிறார். பெரியம்மாவுக்கு மட்டும் அதில் வருத்தம். போகும்போது பையனை வாசலில் ஒரு நிமிடம் காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.