புதுப்பிப்பு: தென்னை ஓலையைத் திருடனாக்கிய கேமரா

அம்பாசமுத்திரம் வீட்டு வாசல் கேமராவை அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யும்படி அமைத்தும், மெமரி கார்டு 2 நாளில் நிறைந்துவிடுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். ஒருவழியாகச் சரியாகிவிட்டது.

முதல் குற்றவாளி, சாரல் காற்றில் ஆடும் தென்னை ஓலை. இந்தக் கேமரா படத்துக்குப் படம் புள்ளிகள் மாறுவதைத்தான் ஒப்பிடுகிறது. ஓலையும் ஆளும் அதற்கு ஒன்றே. கண்காணிக்கும் பகுதியை நடைக்கும் கேட்டுக்கும் மட்டும் சுருக்கியதும் பகல் தொல்லை ஒழிந்தது.

இரவில் மட்டும் விடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், லென்ஸுக்குக் குறுக்கே ஒற்றை இழை நூலாம்படை! இருட்டில் படம் எடுக்கக் கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்கின் ஒளி பட்டு, படத்தில் வெள்ளைக் கயிறாக ஆடியிருக்கிறது. பூச்சியைத் தேடிச் சிலந்தி வருகிறது. இப்போது வாரம் ஒருமுறை ஆச்சியின் ஒட்டடைக் கம்பு அங்கேயும் போகிறது.

உணர்திறனைக் குறைக்கச் சிலர் சொன்னீர்கள். குறைத்தேன், பால்காரர் வந்துபோனதே பதிவாகவில்லை. பழையபடி ஏற்றிவிட்டேன். அசைவுக்கு 5 விநாடி முன்பிருந்தே சேமிக்கும் வசதியையும் போட்டாயிற்று. அதற்கு முன் எல்லோருடைய முதுகும்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

நேற்றிரவு மொத்தம் 3 பதிவுகள். இரண்டில் பூனை, ஒன்றில் பேப்பர் போடும் பையன்.