கொல்லையில் முளைத்த கருணை: அரிப்பு போக என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணம் பக்கம். தானாக முளைத்த கிழங்கு ஒரு கிலோ இருக்கு. தொண்டை அரிக்காமல் மசியல் செய்ய வழி சொல்லுங்க.

பதில்: அரிப்பு கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வருவது. புதுக்கிழங்கு என்றால் ஒரு மாதம் நிழலில் ஆறப்போடுங்க. கையில் எண்ணெய் தடவி, தோலைத் தடிமனாகச் சீவி, அரிசி கழுவிய நீரில் எலுமிச்சை அளவு புளி கரைத்து வேகவையுங்க. கத்தி தடையின்றி இறங்கணும். நடுவில் கெட்டியாக நின்றால் நிச்சயம் அரிக்கும். வெந்த நீரைக் கொட்டிடுங்க.

பதில்: அதற்கு முன்னால் செடியைப் பாருங்க, தயவுசெய்து. புள்ளித்தண்டின் மேல் குடையாக விரிந்த இலை என்றால் கருணை. முள்கொடியில் மும்மூன்று இலை என்றால் காட்டுவள்ளி. டயஸ்கோரின் நஞ்சு இருக்கும். புளி அதை முறிக்காது. வலிப்பு வரை போகும், சமைக்காதீங்க.

கேட்டவர்: புள்ளித்தண்டுதான். ஆறப்போடுகிறேன்.