18 லட்சம் அட்வான்ஸ் வந்திருக்கு, மார்ச் 15க்குள்ள எவ்வளவு வரி கட்டணும்? அவசரம்

கோவை_டிசைனர்
வணக்கம். தனியா தொழில் பண்றேன். ஒரு கம்பெனி பெரிய வேலைக்கு மொத்தமா அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க. முடிய ஒன்றரை வருஷம் ஆகும். 30%னா 5.4 லட்சம் கட்டணுமா? அந்தப் பணத்துலதான் ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். மூணு நாளா தூக்கமே இல்லை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பவானிக்கரை
என்ன தொழில்? கம்பெனி உள்ளூரா, வெளிநாடா? டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிச்சு அரசுக்குக் கட்டற வரி) பிடிச்சாங்களா? ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? வேற வரவு எவ்வளவு?

செல்வம்77
அட்வான்ஸ் வருமானமே இல்லைங்க. வேலையை முடிச்சுக் கொடுத்தாத்தான் வருமானம். அதுவரைக்கும் கடன் மாதிரி எழுதி வச்சுக்குங்க. 20 வருஷமா கடை நடத்துறேன், அட்வான்ஸுக்கு ஒரு பைசா கட்டினதில்லை.

மதுரைவாசி
பாதியை வீட்டம்மா பேர்ல பில் போட்டுடுங்க, வரி பாதியாயிடும்.

பேரேடு
இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. கேட்கிறவங்க ஒருத்தரும் 26ஏஎஸ்ஸை (நம்ம பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற வருமானவரித்துறை அறிக்கை) திறந்துகூடப் பார்க்கிறதில்லை. 30% என்பது 24 லட்சத்துக்கு மேல போற வருமானத்துக்கு. வரவு வேற, வருமானம் வேற. தொழில் பண்றவர் இது தெரியாம இருக்கலாமா? மதுரைவாசி, வேலையே செய்யாதவங்க பேர்ல பில் போட்டா அது பொய்க்கணக்கு. இங்க அதைச் சொல்லாதீங்க.

கோவை_டிசைனர்
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். இன்டீரியர் டிசைன். பெங்களூர் கம்பெனி, 8 ஷோரூமுக்கு வரைபடம், மேற்பார்வை. நவம்பர்ல வந்தது. பேங்க்ல விழுந்தது 16,20,000. மீதி 1,80,000 டிடிஎஸ்னு 26ஏஎஸ்ல 194ஜே-ன்னு (தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு) போட்டிருக்கு. மத்த வேலை 5.5 லட்சம், எல்லாம் பேங்க் வழியாத்தான். ஜிஎஸ்டி எடுக்கலை. பணம் எஃப்டில இருக்கு, பழைய எஃப்டியும் சேர்த்து வட்டி 40,000 வரும்.

பவானிக்கரை
இப்பதான் கேள்வி முழுசாச்சு. இன்டீரியர் வேலை 44ஏடிஏ-க்குள்ள (சில தொழில்களுக்கான எளிய வரிக்கணக்குப் பிரிவு) வரும். ஆண்டு வரவு 50 லட்சம் வரைக்கும் (ரொக்கம் 5% தாண்டலைன்னா 75 லட்சம்) பாதியை வருமானமாக் காட்டினாப் போதும். உங்க கணக்கு, 2025-26க்கு, புது வரி முறையில:

18 + 5.5 = 23.5 லட்சம். பாதி 11.75. வட்டி சேர்த்து 12.15 லட்சம். 12 லட்சம் வரைக்கும் தள்ளுபடியில வரி இல்லை. வட்டியால 15,000 தாண்டிட்டீங்க. இந்த மாதிரி கொஞ்சமாத் தாண்டினவங்களுக்கு, தாண்டின தொகைக்கு மேல வரி போகாது. 15,000, அதுக்கு 4% செஸ் (வரி மேல கூடுதல் வரி), ஆக 15,600.

பிடிச்சது 1,80,000. நீங்க கட்ட வேண்டியது ஒண்ணுமில்லை, 1,64,400 திரும்ப வரணும். டிடிஎஸ் கழிச்சு 10,000 அல்லது அதுக்கு மேல பாக்கி இருந்தாத்தான் அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷம் முடியறதுக்குள்ளயே கட்டற வருமான வரி). மார்ச் 15 உங்களுக்கு வெறும் தேதிதான். நிம்மதியாத் தூங்குங்க.

செல்வம்77
ஒன்றரை வருஷ வேலைக்கு வந்த பணத்தை ஏன் ஒரே வருஷத்துல காட்டணும்? இது அநியாயம். செய்த வேலைக்கு மட்டும் காட்டலாம்.

பேரேடு
மெர்க்கன்டைல் முறையில (பணம் எப்ப வந்தாலும், வேலை நடந்த வருஷத்துல வருமானம் எழுதுறது) புத்தகம் எழுதுறவர் அப்படிக் காட்டலாம். இவர் பேங்க்ல விழுந்தா எழுதுறவர் மாதிரி தெரியுது. வருஷத்துக்கு ஒரு முறைன்னு மாத்திக்க முடியாது.

செல்வம்77
அவர் எப்படி எழுதுறாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?

பேரேடு
சொல்லலை. அதனாலதான் நான் முதல்லயே கேள்வியை ஒழுங்காக் கேட்கச் சொன்னேன்.

பவானிக்கரை
ரெண்டு பேரும் ஒண்ணைக் கவனிக்கணும். வருமானத்தைப் பிரிச்சா டிடிஎஸ்ஸும் பிரியும், விதி 37பிஏ. உதாரணமா 18ல 6 லட்சம் மட்டும் இந்த வருஷம்னா 60,000தான் இப்ப எடுக்கலாம். மீதி 1.2 லட்சம் அடுத்த வருஷத்துக்குப் போகும். அந்த 12 லட்சமும் அடுத்த வருஷ வரவோட சேரும். இவருக்குப் பிரிக்கிறதுல பெரிய லாபம் இல்லை.

எனக்குக் கவலை வேற இடத்துல. டிசைனர், 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி பதிவு எடுக்கணும், 30 நாளுக்குள்ள. சேவைக்கு அட்வான்ஸ் வந்த நாளே வரி விழும். செல்வம் அண்ணா சொல்றது சரக்குக்கு. சரக்கு அட்வான்ஸுக்கு 2017 நவம்பர்லயே விலக்கு கொடுத்துட்டாங்க, அவர் கடைக்காரர், அதான் கட்டினதில்லை. உங்களுக்கு 18%, அதாவது 3.24 லட்சம். ஒப்பந்தத்துல "வரி தனி"ன்னு இருந்தா கம்பெனி கொடுக்கும், அவங்க இன்புட் கிரெடிட் (கொடுத்த ஜிஎஸ்டியைத் தங்க ஜிஎஸ்டியில கழிச்சுக்கிறது) எடுத்துக்குவாங்க. இல்லைன்னா 18 லட்சத்துக்குள்ளயே 2.75 லட்சம் போயிடும். ஒப்பந்தத்தை எடுத்துட்டு நாளைக்கே ஒரு ஆடிட்டரைப் பாருங்க. தாமதத்துக்கு வருஷம் 18% வட்டி ஓடும்.

செல்வம்77
சரக்கு, சேவை வித்தியாசம் இப்பதான் தெரிஞ்சுது. ஆனா ஆடிட்டர் எதுக்கு? பதிவு இலவசம், போர்ட்டல்ல நாமே செய்யலாம்.

பேரேடு
தாமதமான கேஸ்ல நாமே செய்யக் கூடாது. எந்தத் தேதியில இருந்து பொறுப்புன்னு எழுதுறதுலதான் சிக்கலே.

கோவை_டிசைனர் (9 நாள் கழித்து)
ஆடிட்டரைப் பார்த்தேன். ஒப்பந்தத்துல ஏழாவது பக்கத்துல "வரிகள் கூடுதல்"னு இருக்கு. கம்பெனி ஜிஎஸ்டியைத் தனியாத் தரேன்னு மெயில் போட்டிருக்காங்க. பதிவுக்கு விண்ணப்பிச்சாச்சு, வட்டி நான் கட்டணும். 44ஏடிஏதான். பவானிக்கரைக்கு ரொம்ப நன்றி. சைட்டுக்குக் கிளம்பறேன்.

நெல்லை_கேமரா
நான் கல்யாண போட்டோகிராஃபர். அடுத்த வருஷ முகூர்த்தத்துக்கு இப்பவே அட்வான்ஸ் வாங்கியிருக்கேன், பாதி ரொக்கம். போட்டோகிராஃபி 44ஏடிஏ பட்டியல்ல வருமா?

பவானிக்கரை
மொத்த வரவு எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, டிடிஎஸ் உண்டா? புது இழை போடுங்க.