டெல்லி கணேஷ் நடித்ததில் உங்கள் படம் எது?

வல்லநாட்டுப் பக்கத்து ஆள்:

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி பஸ்ஸில் போகும்போது வல்லநாடு வந்ததும் எங்கள் அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "டெல்லி கணேஷ் ஊரு" என்பார். எத்தனை தடவை போனாலும் அத்தனை தடவையும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. வல்லநாட்டில் பிறந்தவருக்கு எதற்கு டெல்லி என்று பெயர் என்பதுதான் குழப்பம். 1964 முதல் பத்து வருஷம் விமானப்படையில் இருந்தார், டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார், 'பட்டினப் பிரவேசம்' எடுத்தபோது பாலசந்தர் இந்தப் பெயரை வைத்தார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

2024 நவம்பரில் அவர் தவறிப்போன செய்தி வந்த அன்று எல்லா டிவியிலும் சிரிப்புக் காட்சிகளாகவே ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒருத்தனும் பசியைப் போட மாட்டேங்கானே" என்றார். துரை இயக்கி 1979இல் வந்த படம். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது அதுதான் என்று பலருக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அப்பாவாக, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவராக வருவது டெல்லி கணேஷ் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்ததும் அதற்குத்தான். சித்தப்பா, மாமா, சமையல்காரர் என்றே பார்த்துப் பழகிய முகம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு. அதே ஆள் மெட்ராஸ் குப்பத்துப் பேச்சில் இறங்கிவிட்டதைப் பார்த்து, முதல் பத்து நிமிஷம் இது அவர்தானா என்று உற்று உற்றுப் பார்த்தேன்.

நானூறு படத்துக்கு மேல் நடித்தவருக்குப் பத்துப் படப் பட்டியல் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. எந்தப் படம், யாரோடு பார்த்தீர்கள், எதற்கு மனசில் நின்றது, அதைச் சொல்லுங்கள்.

கும்பகோணத்துச் சமையல்காரர் மகள்:

வேறென்ன, 'மைக்கேல் மதன காமராஜன்'தான். ஆனால் எங்கள் வீட்டில் அது சிரிப்புப் படம் இல்லை.

அப்பா கல்யாண சமையல்காரர். 1990 தீபாவளிக்கு வந்த படம். நாங்கள் பார்த்தது மூன்று நான்கு வருஷம் கழித்து, பக்கத்து வீட்டு டிவியில். சாம்பாரில் மீன் விழுகிற இடம் வந்தது. கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கிறது. எல்லோர் கண்ணும் கமல் மேல். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சமையல்காரர் பாலக்காட்டு மணி ஐயராக வரும் டெல்லி கணேஷையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தியா? பந்தி உக்காந்தப்புறம் சாம்பார் போச்சுன்னா எப்படி இருக்கும்னு யாரோ அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கா."

அப்பாவுக்கு அந்த அனுபவம் உண்டு. மீன் இல்லை, உப்பு. ஒரு கல்யாணத்தில் உதவிக்கு வந்த பையன், ஏற்கெனவே உப்புப் போட்ட அண்டாவில் இன்னொரு தரம் அள்ளிப் போட்டுவிட்டான். முதல் பந்திக்கு வாளிகள் போய்விட்டன. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து நின்றதைத்தான் நான் பார்த்தேன். அதற்கப்புறம் ஆறு மாசம் அந்தத் தெருவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கிரேசி மோகன் எழுதியது சிரிப்புத்தான், சந்தேகமில்லை. டெல்லி கணேஷ் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளவில்லை. அவர் கவலையெல்லாம் சாம்பாரைப் பற்றி. அவர் அப்படிக் கவலைப்படுவதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவரும் ஒரு கண்ணை நம் பக்கம் சிமிட்டியிருந்தால் அந்தக் காட்சி இத்தனை வருஷம் தாங்கியிருக்காது என்பது என் கட்சி.

மிருதங்க வகுப்பு:

மேலே எழுதிய அக்காவுக்கு: பாலக்காடு மணி ஐயர் என்பது மிருதங்க உலகின் மிகப் பெரிய பெயர், 1981இல் காலமானவர். அதைக் கொண்டுபோய்ச் சமையல்காரருக்கு வைத்தார்கள் என்று எங்கள் சாருக்குக் கோபம். அதைவிட வேடிக்கை, அதற்கு ஐந்து வருஷம் முன்னால் 'சிந்து பைரவி'யில் மிருதங்கக்காரராகவே வந்தவர் இதே டெல்லி கணேஷ்.

அவர் செய்த குருமூர்த்தி நல்ல வித்துவான், குடிப்பார். குடித்துவிட்டு வந்தவரைப் பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் கச்சேரி செய்வார். அந்த இடத்தைச் சாரோடு பார்த்திருக்கிறேன். விரலெல்லாம் சரியில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா எழுந்து போறான் பாரு, அது சரியா இருக்கு" என்றார். பக்கவாத்தியக்காரன் மேடையிலிருந்து இறங்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். ஏன் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிவகுமார், சுஹாசினி, சுலக்‌ஷணா என்று எல்லோரும் முழு வீச்சில் நடிக்கிற படம், கூடவே ஜனகராஜின் அந்த கஜபதி வேறு. அத்தனை பேருக்கு நடுவில் குருமூர்த்தி மனசில் நிற்கிறார்.

சேலம் 89:

எல்லோரும் அவரை நல்லவராகவே ஆக்கிவிட்டீர்கள். 'அபூர்வ சகோதரர்கள்' பிரான்சிஸ் அன்பரசு ஞாபகமில்லையா? நாகேஷ், ஜெய்சங்கர், நாசரோடு சேர்ந்து நான்கு வில்லன்களில் ஒருத்தர். என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. அதற்கப்புறம் எந்தப் படத்தில் அவர் தாத்தாவாக வந்து கொஞ்சினாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான். நாகேஷைப் பார்த்து அவன் பயப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மாட்டுங்கா:

நான் பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். 'நாயகன்' வந்த 1987இல் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அது வேலு நாயக்கர் கதை. எனக்கு டெல்லி கணேஷ் செய்த அந்த ஐயர். வேலு தமிழில் பேசுவதை இந்தியில் சொல்லுவார். இந்திக்காரர்கள் சொல்வதைத் தமிழில் தருவார். எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், அப்படி ஒருத்தர் இருந்தார். ரேஷன் ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், எங்கே போனாலும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். யாருக்காகப் பேசுகிறாரோ அவர் அளவுக்குக் குரலை உயர்த்த மாட்டார். திட்டை மொழிபெயர்க்கும்போது பாதியை விழுங்கிவிடுவார்.

டெல்லி கணேஷ் பக்கத்தில் நிற்கும் தோரணையில் அவரைப் பார்த்தேன். உடம்பு வேலுவின் பக்கம், காது எதிராளியின் பக்கம். வடக்கே இத்தனை வருஷம் இருந்தவர் என்று பிறகு படித்தபோது, இந்தி அவர் வாயில் உறுத்தாமல் வந்ததன் காரணம் புரிந்தது.

பெயர் வேண்டாம்:

'இரும்புத்திரை', 2018. விஷாலின் அப்பா. ஊரெல்லாம் கடன் வாங்கி வைத்திருக்கிற அப்பா, அதனாலேயே அவரைப் பிடிக்காத மகன்.

நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். படம் ஆதார், ஹேக்கிங் என்று எங்கேயோ போகிறது. அது எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் சிரித்துப் பேசுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, "அடுத்த வாரம் கண்டிப்பா" என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார் என் அப்பா. நானும் அவரோடு இரண்டு வருஷம் சரியாகப் பேசவில்லை. இடைவேளையில் வெளியே வந்து போன் செய்தேன். "என்னடா, பணம் வேணுமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

வல்லநாட்டுப் பக்கத்து ஆள்:

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்பு விஷயத்துக்கு மட்டும் சிரித்தார். சமையல்காரர் மகள் மன்னிக்கவும். 'தெனாலி'யில் டெல்லி கணேஷ் செய்த பஞ்சபூதம் பாத்திரத்தை ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று அவருக்குக் குறை. மிருதங்கக்காரத் தம்பியின் சார் இன்னும் சொல்லிக் கொடுக்கிறாரா என்றும் கேட்கச் சொன்னார்.

சரி, ஒரு உதவி. 'பசி' நல்ல பிரிண்ட் யாரிடமாவது இருக்கிறதா? என்னிடம் இருப்பதில் பாதி இடத்தில் வசனம் கேட்கவில்லை. அப்பாவுக்குக் காதும் இப்போது கொஞ்சம் மந்தம்.